எபிரேய ஓய்வுநாள் பாட்டில் புளிமாங்காய்: என் காதில் விழுவது சரிதானா?

சத்துவாச்சாரி டீச்சர்

எல்லோருக்கும் வணக்கம். வேலூரில் ஒரு பெண்கள் பள்ளியில் 31 வருடம் தமிழ் நடத்தினேன். ஓய்வு பெற்ற பிறகு கோயில் பாடகர் குழுவும் யாப்பிலக்கணமும்தான் பொழுதுபோக்கு. யாப்பும் தெரிந்து, பிற நாட்டுச் செய்யுளும் படித்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள் என்பதால் கேட்கிறேன்.

பக்கத்து வீட்டுப் பெண் என்னிடம் படித்தவள். இப்போது இஸ்ரேலில் ஒரு வயதான அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறாள். அந்த வீட்டில் வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்தால் மறுநாள் இருட்டும்வரை போனைத் தொட மாட்டார்களாம். அடுப்பும் பற்ற வைக்க மாட்டார்கள். சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்து பாடுவார்களாம். அப்படிப் பாடுகிற ஒரு பாட்டை அந்தப் பாட்டியம்மா வியாழக்கிழமை காய் நறுக்கிக்கொண்டே பாடியபோது, கேட்டுக்கொண்டு பதிவு செய்து எனக்கு அனுப்பினாள். "டீச்சர், இது குதிக்கிற மாதிரி இருக்கு, நம்ம பாட்டு எதையோ ஞாபகப்படுத்துது, எதுன்னு தெரியலை" என்று எழுதியிருந்தாள். பாட்டியம்மா சொல்லச் சொல்ல அவள் தமிழில் எழுதி அனுப்பிய முதல் கண்ணி இது:

தெரோர் யிக்ரா லெவேன் இம் பத்
வெயின்ஸோர்கெம் கெமோ வாவத்
நெயீம் ஷிம்கெம் வெலோ யுஷ்பத்
ஷெவூ நூஹூ பெயோம் ஷப்பாத்

மகனுக்கும் மகளுக்கும் விடுதலை கூறுவார், கண்மணியைப் போல் உங்களைக் காப்பார், உங்கள் பெயர் இனியது, அது ஒழியாது, ஓய்வுநாளில் அமர்ந்து இளைப்பாறுங்கள் என்று பொருளாம்.

மூன்று நாள் இதையே கேட்டுக்கொண்டிருந்தேன். நான்காம் நாள் காலையில் வாசலில் கோலம் போடும்போது சட்டென்று அலகிட்டு, அதாவது அசை அசையாகப் பிரித்துப் பார்த்தேன். தெரோர், நிரை. யிக், நேர். ரா, நேர். புளிமாங்காய்! லெவேன், நிரை. இம், நேர். பத், நேர். மறுபடியும் புளிமாங்காய். நான்கு அடியும் அப்படியே வருகிறது, ஒரு சீர் கூடத் தப்பவில்லை. காய் முன் நிரை வந்தால் கலித்தளை. கலித்தளை தொடர்ந்து வந்தால் துள்ளல் ஓசை. அவள் 'குதிக்கிற மாதிரி' என்றது இதைத்தானா?

நான் தமிழ்க் காதோடு கேட்பதால் இப்படித் தெரிகிறதா, அல்லது அந்தப் புலவர் உண்மையிலேயே இப்படி ஓர் அளவு வைத்துத்தான் பாடினாரா?

இன்னொன்று. போன மாதம் ஒரு சனிக்கிழமை, மாதப்பிறப்பும் ஓய்வுநாளும் ஒன்றாக வந்து வழிபாட்டில் வேறு ஒரு பகுதி படித்தார்களாம். அவள் என்னிடம் "அமாவாசைக்குப் பாட்டா டீச்சர்?" என்று கேட்டாள். நம் வேதாகமத்திலும் தாவீது யோனத்தானிடம் "நாளைக்கு அமாவாசி" என்றுதானே சொல்கிறான். ஆனால் சங்கீதத்தில் 'மாதப்பிறப்பு' என்று இருக்கிறது. இரண்டும் ஒன்றா? தமிழில் எந்தச் சொல்லைப் போட வேண்டும்?

இந்தப் பாட்டைத் தமிழில் அதே ஓசையில் எழுதி அவளுக்கு அனுப்ப ஆசை. அந்த மேசையில் அவளும் தன் மொழியில் ஒரு கண்ணி பாடட்டும்.


திருவலம் யாப்பு

டீச்சர், உங்கள் காது சரி. கொஞ்சம் கூடப் பிசகவில்லை.

இந்தப் பாட்டைப் பாடியவர் துனாஷ் பென் லப்ராத். 10-ஆம் நூற்றாண்டு. பாக்தாதில் சாதியா என்ற பெரிய அறிஞரிடம் படித்து, பிறகு ஸ்பெயினில் கோர்தோவாவுக்குப் போனவர். எபிரேயத்தில் எழுத்தின் குறுமை நெடுமையை எண்ணிப் பாடும் முறையை அரபியிலிருந்து கொண்டுவந்தவர் இவர்தான். அதற்கு முந்தைய எபிரேய வழிபாட்டுப் பாடல்களில் இப்படிக் குறில் நெடில் கணக்கு கிடையாது. சாதியாவிடம் இதைக் காட்டியபோது, இஸ்ரவேலில் இப்படி ஒன்றைக் கண்டதில்லை என்று அவர் சொன்னாராம்.

அவர்கள் இலக்கணத்தில் இரண்டே உறுப்பு. குற்றுயிரும் அதைத் தொடர்ந்து ஒரு நெட்டசையும் சேர்ந்து வந்தால் 'யாத்தேத்'. கூடார முளை என்று பொருள். தனியாக ஒரு நெட்டசை வந்தால் 'தெனுஆ'. இதன் பொருளைக் கேட்டால் உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும்: அசைவு. நாம் 'அசை' என்பதை அவர்களும் அசைவு என்றே சொல்கிறார்கள். முளை ஒன்று, அசைவு இரண்டு. அதுதான் உங்கள் நிரை நேர் நேர். செய்யுள் வரியின் முதற்பாதிக்குப் பெயர் கதவு, பிற்பாதிக்குப் பெயர் கதவை அடைப்பது. இரண்டு பாதியும் சேர்ந்தால் ஒரு வரி. அதாவது உங்கள் கண்ணியில் நான்கு குறளடியாக (இரு சீர் அடி) இருப்பது அவர்கள் கணக்கில் இரண்டு அளவடி (நாற்சீர் அடி).

ஒரே ஒரு எச்சரிக்கை. நம் நிரையில் 'புளி' மாதிரி குறிலிணையும் அடங்கும், 'விளா' மாதிரி குறில் நெடிலும் அடங்கும். அவர்களுக்கு இரண்டாவது வகையும், 'வெயின்' மாதிரி ஒற்றில் முடியும் குறிலிணையும் மட்டும்தான் முளை. 'புளிமாங்காய்' என்ற வாய்பாட்டுச் சொல்லே அவர்கள் அளவில் நிற்காது. அதனால் அசைக் கணக்கை மட்டும் நம்பி எழுதாதீர்கள், பாடும்போது இடிக்கும். சந்தக் கணக்கில் எழுதுங்கள். 'தனாதானா தனாதானா' என்று குழிப்பு, அதாவது ஓசை வாய்பாடு, வைத்துக்கொண்டால் போதும். வள்ளிமலைப் படியில் திருப்புகழ் பாடிக்கொண்டு ஏறுகிறவர்களுக்கு இது சொல்லித் தர வேண்டியதில்லை.

இன்றைக்குப் பாடுகிறவர்கள் முதல் குற்றுயிரை விழுங்கி 'த்ரோர்' என்று சொல்வது உண்டு. பதிவில் அப்படிக் கேட்டால் குழம்ப வேண்டாம்.

இன்னொரு விஷயம், நீங்கள் கவனித்திருப்பீர்களோ என்னவோ. நான்கு அடியின் முதல் எழுத்தையும் சேர்த்துப் பாருங்கள்: த, வ, ந, ஷ. எபிரேய எழுத்தில் இந்த நான்கும் சேர்ந்தால் 'துனாஷ்'. 'வவ்' என்ற எழுத்து வகரமாகவும் வரும், உகரமாகவும் வரும். புலவர் தன் பெயரைப் பாட்டுக்குள் தைத்துவிட்டுப் போயிருக்கிறார்.


வாணியம்பாடி பிறைநிலா

டீச்சர் அம்மாவுக்கு வணக்கம். எங்கள் வீட்டில் உருது. யாப்பு எனக்குத் தெரியாது, ஆனால் அந்த நான்கு அடியை வாய்விட்டுப் படித்ததும் என் தாத்தா மேசையில் விரலால் தட்டிச் சொல்லிக் கொடுத்தது நினைவுக்கு வந்துவிட்டது: "மஃபாஈலுன் மஃபாஈலுன்." இது 'ஹஸஜ்' என்ற அளவு. ம-ஃபா-ஈ-லுன். திருவலம் சார் சொன்ன தனாதானா அதேதான். அரபியிலிருந்து பாரசீகத்துக்கும் உருதுவுக்கும் வந்தது. வாணியம்பாடியில் முஷாயிரா என்ற கவியரங்கம் நடக்கும் இரவுகளில் இந்த அளவில் ஒரு கஸல் வந்தால் கூட்டம் தானாகத் தலையாட்டும். அதே அளவை ஆயிரம் வருடத்துக்கு முன்னால் ஒரு யூதப் புலவர் சனிக்கிழமைப் பாட்டுக்கு எடுத்துப் போனார் என்று இன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

அமாவாசை பற்றி. அவர்களுடைய மாதமும் எங்களைப் போலப் பிறை கண்டு தொடங்கியதுதான் என்று படித்திருக்கிறேன். அப்படியானால் 'அமாவாசை' பொருந்தாது. அமாவாசை என்றால் நிலா இல்லாத நாள். நாங்கள் காத்திருப்பது நிலா தென்படும் நாளுக்கு. 29-ஆம் நாள் மக்ரிப் என்ற அந்தித் தொழுகையைத் தொழுதுவிட்டுப் பள்ளிவாசல் மொட்டை மாடியில் சின்னப் பிள்ளைகள் முதல் பெரியவர்கள்வரை மேற்கே பார்த்துக்கொண்டு நிற்போம். மலை ஓரத்தில் கொஞ்சம் மேகம் இருந்தாலும் மனசு அடித்துக்கொள்ளும். என் சிறுவயதில் ஒரு ரமலான் முடிவில் எங்கள் தெருவில் முதலில் கண்டவன் நான்தான். நகக்கண் அளவு கூட இல்லை. அன்றைக்குக் கிடைத்த சந்தோஷம் இன்னும் இருக்கிறது.


ஆரணி ஏட்டுச்சுவடி

பிறைநிலா தம்பி சொன்னதற்கு மேலும் கொஞ்சம்.

எருசலேமில் பிறை பார்த்த கதை யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் விரிவாக இருக்கிறது. பிறையைக் கண்டவர்கள் சாட்சி சொல்ல வருவார்கள். அவர்கள் கூடுவதற்கென்றே ஒரு பெரிய முற்றம். வருகிறவர்களுக்கு நல்ல விருந்து, அடுத்த முறையும் வர வேண்டும் என்பதற்காக. பெரியவர்கள் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரிப்பார்கள்: பிறை சூரியனுக்கு முன்னால் இருந்ததா, பின்னால் இருந்ததா? எவ்வளவு உயரம்? எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது? அந்தப் பெரியவர்களின் தலைவரான ரப்பான் கமாலியேல் தம் மேல்மாடிச் சுவரில் பிறை வடிவங்களை வரைந்து வைத்திருந்தார், படிக்காத சாட்சிகளிடம் "இப்படி இருந்ததா, அப்படி இருந்ததா" என்று காட்டிக் கேட்க. சாட்சி நின்றால் தலைவர் "புனிதமானது" என்பார், கூட்டமும் அதையே இரண்டு முறை திருப்பிச் சொல்லும். பிறகு மலை உச்சியில் தீ மூட்டுவார்கள். அதைப் பார்த்து அடுத்த மலையில் தீ, அதற்கடுத்த மலையில் தீ. திருவண்ணாமலை மகாதீபத்தைத் தூரத்து ஊரிலிருந்து பார்த்துவிட்டு வீட்டு விளக்கு ஏற்றுகிற நமக்கு இது விளங்காதா என்ன!

டீச்சர் கேட்ட ஓய்வுநாளும் மாதப்பிறப்பும் சந்திக்கும் இடம் இங்கே ஒன்று உண்டு. ஓய்வுநாளில் நெடுந்தூரம் நடக்கக் கூடாது. ஆனால் பிறை கண்ட சாட்சி நடக்கலாம்.

பிறகு கணக்குப் பஞ்சாங்கம் வந்து, சாட்சியும் தீயும் நின்றுபோயின. ஆனாலும் மாதத்தை வரவேற்கிற சடங்கைப் பலஸ்தீன யூதர்கள் விடவில்லை. 8-ஆம் நூற்றாண்டில் திபேரியாவுக்குப் பக்கத்தில் வாழ்ந்த பின்ஹாஸ் என்ற புலவர் மாதங்களின் புனிதத்துக்கென்றே பாடல்கள் செய்திருக்கிறார். பிறையைத் தேடி வானத்தைப் பார்க்க வேண்டிய தேவை போன பிறகு பாட்டில் பார்த்திருக்கிறார்கள். எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்தது இதுதான்.

இப்படிப்பட்ட பழைய பாடல்கள் பல நம் காலத்துக்குக் கிடைத்தது கெய்ரோவுக்குப் பக்கத்தில் ஃபுஸ்தாத் தொழுகைக்கூடத்தின் ஓர் அறையிலிருந்து. கடவுள் பெயர் எழுதிய தாளை அழிக்கக் கூடாது என்று நூற்றாண்டுக் கணக்கில் அந்த அறையில் போட்டு வைத்திருந்தார்கள். அதற்கு 'கெனிசா' என்று பெயர். யன்னாய் என்ற ஆதிப் புலவர், பாட்டுக்குள் பெயரைப் பொதிந்தவர்களில் முதல்வராக அறியப்படுபவர், ஏறக்குறைய வெறும் பெயராக மட்டும் மிஞ்சியிருந்தார். கெனிசாத் தோல் ஏடுகளில், அழித்துவிட்ட கிரேக்க எழுத்துக்கு மேலே அவர் பாடல்கள் கிடைத்தன. 1919-இல் அச்சேறின. நாமோ பதினெட்டாம் பெருக்கில் ஏடுகளை ஆற்றில் விட்டோம். நினைத்தால் வயிறு எரிகிறது.

யன்னாய் பெயரைப் பொதிந்த மாதிரி நம்மிடமும் உண்டு. சம்பந்தர் பதிகத்தின் கடைசிப் பாட்டில், திருக்கடைக்காப்பில், தம் பெயரைச் சொல்லித்தான் முடிப்பார். சம்பந்தர் வெளிப்படையாகச் சொல்கிறார், எபிரேயப் புலவர்கள் எழுத்துக்குள் வைக்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். அகரவரிசையில் பாட்டு நடத்துவதும் நம் ஆத்திசூடியில் பார்த்தது. டீச்சர் பக்கத்து வீட்டுப் பெண் கேட்ட அந்த 'வேறு பகுதி' இதனோடு தொடர்புடையது. சாதாரண ஓய்வுநாளின் கூடுதல் வழிபாட்டில் எபிரேய நெடுங்கணக்கைக் கடைசி எழுத்திலிருந்து முதல் எழுத்துவரை தலைகீழாகக் கோத்த ஒரு பகுதி வரும். மாதப்பிறப்பும் சேர்ந்து வந்தால் அதை விட்டுவிட்டு 'நீர் ஆதியிலே உம் உலகத்தை உருவாக்கினீர்' என்று தொடங்கும் வேறொன்றைச் சொல்வார்கள். அன்றைக்கு ஏசாயா கடைசி அதிகாரம் வாசிப்பு, மாதந்தோறும் ஓய்வுநாள்தோறும் எல்லோரும் தொழ வருவார்கள் என்ற வசனம் இருப்பதால்.

மாதப்பிறப்பு ஞாயிற்றுக்கிழமை வந்தால், முந்தின நாள் ஓய்வுநாளில் என்ன வாசிப்பார்கள் தெரியுமா? டீச்சர் சொன்ன அதே தாவீது யோனத்தான் பகுதி. "நாளைக்கு" என்ற சொல்லுக்காகவே.

சொல் விஷயத்துக்கு வருகிறேன். எபிரேயத்தில் 'ஹோதெஷ்' என்றால் மாதம், புதுப்பிறை இரண்டும். 'புதியது' என்ற வேரிலிருந்து வந்தது. நம் 'திங்கள்' நிலாவும் மாதமுமாக இருக்கிற மாதிரி. ஆனால் இன்றைக்குத் திங்கள் என்றால் கிழமைதான் முதலில் நினைவுக்கு வரும். நிலா சூரியனோடு சேர்ந்து புதிதாகத் தொடங்கும் கணத்தை அவர்கள் 'மோலாத்', பிறப்பு, என்கிறார்கள். குறுந்தொகை 307-ஐ எடுத்துப் பாருங்கள் டீச்சர், பலர் தொழ வானத்தில் தோன்றுவதைச் சொல்லி 'பிறந்தன்று பிறையே' என்று வரும். பிறப்பதால் பிறை. என் ஓட்டு 'பிறைநாள்' என்ற சொல்லுக்கு.


சத்துவாச்சாரி டீச்சர்

இரண்டு நாளாக உங்கள் பதில்களையே திரும்பத் திரும்பப் படித்தேன். எல்லோருக்கும் நன்றி.

ஏட்டுச்சுவடி ஐயா, குறுந்தொகை 307-ஐப் பல வருடம் வகுப்பில் நடத்தியிருக்கிறேன். இந்தப் பாட்டோடு சேர்த்து நினைத்ததே இல்லை. எங்கள் ஆயா மூன்றாம் பிறை அன்றைக்கு முற்றத்தில் நின்று பிறையைக் கும்பிட்டுவிட்டு, கண்ணை எடுக்காமல் அப்படியே திரும்பி என் முகத்தைப் பார்ப்பார். வேறு யாரையும் பார்த்துவிடக் கூடாது என்று என்னை முன்னாலேயே பக்கத்தில் நிற்க வைத்துக்கொள்வார். கிறிஸ்தவக் குடும்பம்தான், ஆனாலும் அதை அவர் விடவில்லை. 'பிறைநாள்' என்றே அந்தப் பெண்ணுக்கு எழுதிவிட்டேன். "அமாவாசை இல்லை, அதற்கு அடுத்து நாம் மூணாம் பிறை பார்ப்போமே, அதுக்குப் பக்கத்தில்" என்று விளக்கமும் சேர்த்தேன்.

பாட்டு வந்திருக்கிறது. திருவலம் சார் சொன்னபடி தனாதானாவை வாயில் போட்டுக்கொண்டே எழுதினேன். துனாஷின் எழுத்துகளுக்கு து, வி, நி, செ என்று வைத்தேன். ஷகரத்தில் தமிழ்ச் சொல் தொடங்காது, சகரம் ஏற்றுக்கொள்ளட்டும்.

துணிந்தேபோம் தளைக்கட்டே
விழிக்குள்ளே மணிக்கொப்பாய்
நினைக்காப்பான் நிலைக்கும்பேர்
செயல்தீர்வாய் சபாத்தன்றே

'துணிதல்' இங்கே அறுபடுதல். மகனும் மகளும் இதில் விட்டுப்போயின, அது எனக்கு வருத்தமே. நான்கு அடியும் ஒரே ஒலியில் முடிவதும் வரவில்லை. ஆனால் கண்மணி தப்பிவிட்டது. அங்கேயும் கண்மணி, இங்கேயும் கண்மணி, மாற்றவே வேண்டியிருக்கவில்லை.


திருவலம் யாப்பு

விடுதலையைச் சொல்கிற அடியில் 'தளை' வந்திருக்கிறது டீச்சர், அதுவும் கலித்தளைக்குள்! நான்கு அடியும் சந்தத்தில் சுத்தமாக நிற்கிறது. தட்டிப் பார்த்தேன். ஒன்றைத்தான் மாற்றச் சொல்வேன். முதல் அடியை 'துணிந்தே போம்' என்று பிரித்து எழுதிக் கொடுங்கள். சேர்த்து எழுதினால் அந்தப் பெண் 'தேபோம்' என்று ஒரே மூச்சில் ஓட்டிவிடுவாள்.

இன்னொன்று மனதில் வந்தது. துனாஷ் இந்த அளவைக் கொண்டுவந்தபோது எதிர்ப்பும் கிளம்பியது. கோர்தோவாவில் மெனாஹெம் என்ற இலக்கண அறிஞரின் மாணவர்கள், அரபி அளவுக்காக எபிரேயத்தின் உயிரொலி இயல்பையே வளைக்கிறார் என்று எழுதினார்கள். அவர்கள் சொன்னதிலும் நியாயம் உண்டு. பின்னாளில் பெரும் எபிரேயப் புலவரான யெஹூதா ஹலேவியே அயல் அளவுகளைக் குறை சொல்லியிருக்கிறார், அதே அளவுகளில் அற்புதமாகப் பாடிக்கொண்டே. தமிழில் அந்தக் கஷ்டம் உங்களுக்கு வரவில்லை. 'விழிக்குள்ளே மணிக்கொப்பாய்' எந்த இடத்திலும் வளையவில்லை.


வாணியம்பாடி பிறைநிலா

அம்மா, என் மகளிடம் படித்துக் காட்டினேன். "மஃபாஈலுன்" என்றாள் உடனே. ஒன்பது வயது. தாத்தாவின் விரல் அவளிடம் வந்திருக்கிறது.


சத்துவாச்சாரி டீச்சர்

வெள்ளிக்கிழமை பாடியிருக்கிறாள்! ஞாயிறு காலை இங்கே கோயில் முடிந்து வந்ததும் கூப்பிட்டுச் சொன்னாள். மேசையில் பாட்டியம்மா துனாஷின் கண்ணியை முடித்ததும் இவள் அதே மெட்டில் தமிழில் எடுத்தாளாம். இரண்டாம் அடி வரும்போது அவர் விரலால் தாளம் தட்ட ஆரம்பித்துவிட்டார். முடிந்ததும் ஒவ்வொரு சொல்லாகப் பொருள் கேட்டாராம். 'மணி' என்றால் கண்ணுக்குள் இருப்பது என்று இவள் தன் கண்ணைத் தொட்டுக் காட்டியதும் அவர் இவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். பிறகு கேட்டாராம், புலவரின் பெயர் தமிழ்ப் பாட்டிலும் இருக்கிறதா என்று. இவள் ஒவ்வொரு அடியாக முதல் எழுத்தைச் சொல்லிக் காட்டியிருக்கிறாள்.

அடுத்த வெள்ளிக்கு இரண்டாம் கண்ணி வேண்டுமாம். என் திருவிடத்தைத் தேடும், மீட்பின் அடையாளம் காட்டும், என் தோட்டத்தில் நல்ல திராட்சைக் கொடி நடும், என் மக்களின் அழுகையைக் கேளும் என்று பொருள் எழுதி அனுப்பியிருக்கிறாள். மூன்றாம் அடி எபிரேயத்தில் 'நெதா' என்று தொடங்குகிறது. நடு என்று பொருள். நமக்கும் 'நடு' நகரத்தில்தானே. ஆனால் 'நடு' குறிலிணை, முளை ஆகாது. 'நடும்' என்று வைத்தால் நிற்கிறது. து-வில்தான் இன்னும் ஒரு சொல் சிக்கவில்லை. உங்களுக்குத் தோன்றினால் வியாழக்கிழமைக்குள் எழுதுங்கள்.